பத்துக்கு ஏழு

மோல்மேன் பெரியாஸ்பத்திரியில்
என் வேலை தள்ளுவண்டி தள்ளுவது.
தமிழ் மட்டும் தெரிந்த யாராவது வந்துவிட்டால்
மாடிப்படியில் நின்று கூவுவார்கள்:
மா கின் அயே! மா கின் அயே!
செம்பாயி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அன்று வந்தவள் இருளாயி.
முடோன் பக்கம் ரப்பர்த் தோட்டம்.
விடியுமுன் பால்வெட்டிப் பால்வெட்டி
ஐம்பத்தெட்டு வயது.
வயிற்றை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்,
சந்தைச் சுமையை எங்கே இறக்குவதென்று
தெரியாதவளைப் போல.

டாக்டர் நுவே யீ கேட்டார்:
வலி, பத்துக்கு எத்தனை?

"காலையில குத்தல். சோறு எறங்குனா எரிச்சல்.
பொழுது சாயறப்ப ஒரு கடுப்பு,
ராத்திரி அது கொடச்சலாகி முதுகுக்குப் போயிரும்.
நடுச்சாமத்துல வலியே இருக்காது தாயி,
ஆனா இந்தா வரப்போகுது
வரப்போகுதுன்னு கெடப்பேன் பாரு,
அதுக்குப் பேரு என்ன?"

நான் சொன்னேன்: ஏழு.

டாக்டர் எழுதிக்கொண்டார்.
அவர் மேல் தப்பில்லை. வெளியே எழுபது பேர்.
கரண்ட் போய் ஜெனரேட்டர்
இருமிக்கொண்டிருந்தது.

பர்மியரிடம் வலிக்கு நா என்றொரு சொல்.
மடத்தில் முட்டி மடக்கி அமர்ந்து
போதனை கேட்பதற்கும் அதே நாதான்.
எனக்கோ அது வாய்க்குள் கிடக்கிற சதை.
இருபது வருஷமாக இந்த மூன்றையும்
ஒரே வாளியில் சுமக்கிறேன்.
சிந்தாமல் படியேறியது ஒருநாளும் இல்லை.

அறைக்குள் நுழையுமுன்பே மகன்
என் முழங்கையைப் பிடித்திருந்தான்.
"அம்மாகிட்ட அந்த வார்த்தை வேணாம்க்கா.
சொன்னா அதுலயே போயிரும்."
மஹாச்சாயில் இறால் உரிக்கும் கம்பெனி,
ஒன்பது நாள் லீவு,
விரலிடுக்கெல்லாம் உப்புப் புண்.
அவனிடம் எப்படி மாட்டேன் என்பது?

ஆகவே டாக்டர் பேசப் பேசக்
கட்டியைப் புண் ஆக்கினேன்.
ரங்கூனுக்கு அனுப்பணும் என்றதை
நல்ல மெஷின் அங்கதான் இருக்கு என்றேன்.
எத்தனை மாதம் என்றதை
விழுங்கிவிட்டேன்.
அரிசியில் கல் பொறுக்குவது போலக்
கை தானாக வேலை செய்தது.
மகன் சீட்டை வாங்கிக்கொண்டு
மருந்து வாங்க ஓடினான்.

இருளாயி இவ்வளவு நேரமும்
டாக்டரின் வாயையே பார்த்திருக்கிறாள்.
"அந்தப் பிள்ள நடுவுல கின்சான்னுச்சே,
நீ அத எங்க போட்ட?"

அந்த ஒரு சொல்
எந்த எல்லையிலும் உடை மாற்றுவதில்லை.
அதைச் சுமக்க நான் தேவையே இல்லை.

காது மடல் கொதித்தது.
அவள் என் கையைத் தட்டினாள்,
ஆறுதல் எனக்குத்தான் வேண்டும் என்பதாக.
"எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லிராத.
தெரிஞ்சா போகமாட்டான்.
கம்பெனிக்காரன் வேற ஆள் வெச்சுக்குவான்."

டாக்டரும் கேட்டிருப்பார் அந்தச் சொல்லை.
பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
என்ன கேட்கிறார்?

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு
முன்னாலா பின்னாலா என்று கேட்கிறார்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு மாத்திரையைப் பற்றி
வெகு விரிவாக, விரல் மடக்கி,
வெளியே எழுபது பேர் இருப்பதை மறந்து
சொல்லிக்கொண்டே போனார்.
அதை மட்டும்
ஓர் எழுத்துக் குறையாமல்
தமிழில் சொன்னேன்.
இருளாயி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்,
மடத்தில் உட்கார்ந்தவளைப் போல.

பெருவிரல் உருட்டினாள்.
சாட்சிக் கையெழுத்து என்றார்கள்;
கோட்டின் மேல் பேனா நின்றது.
கின் அயே என்று எழுதினேன்.

எக்ஸ்ரேக்கு இறங்கும் சரிவில்
வண்டி தானாக ஓடப் பார்க்கும்.
உடம்பால் அணைத்துப் பிடித்திருந்தேன்.

"ராத்திரிக்கு ஒரு பேரு கேட்டேனே?"

"தெரியலைம்மா."

"ஒனக்கும் தெரியலையா,
சரி.
மெதுவாத் தள்ளு."